வெள்ளத்தைக் கேட்டுக் கட்டுவது



இன்றைய கட்டடக்கலையில் நடக்கும் சோதனை முயற்சிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த உரைக்கான அழைப்பில் கேட்டிருந்தார்கள். எந்த நாடு என்பதை என் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். நான் வங்கதேசத்தை எடுத்துக்கொண்டேன். ஜப்பானும் ஸ்பெயினும் இருக்க இந்த நாடு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். சோதனை என்ற சொல்லுக்கு அங்கேதான் முழு எடை இருக்கிறது என்பது என் எண்ணம். பணக்கார நாட்டில் ஒரு புதுமைக் கட்டடம் சரியாக அமையவில்லை என்றால் விமர்சகர்கள் எழுதுவார்கள். பராமரிப்புச் செலவு கூடும். வங்கதேசத்தில் அது சரியா தவறா என்பதை அடுத்த ஆடி, ஆவணி வெள்ளம் சொல்லிவிடும். உள்ளே ஆட்கள் இருக்கும்போதே சொல்லிவிடும்.

1989-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். ஆகா கான் கட்டடக்கலை விருது மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தரப்படுவது. அந்த ஆண்டு விருது பெற்றவற்றில் இரண்டு வங்கதேசத்தில் இருந்தன. ஒன்று, டாக்காவில் லூயி கான் வடிவமைத்த நாடாளுமன்றக் கட்டடம். ஏரிக்கு நடுவே எழும் சாம்பல் நிறக் கான்கிரீட் சுவர்களும், அவற்றில் வெட்டிய பெரிய வட்டங்களும் முக்கோணங்களும் உலகம் முழுக்கப் பாடநூல்களில் இடம்பெற்றவை. மற்றொன்று, கிராமீன் வங்கியின் வீட்டுக்கடன் திட்டம். நான்கு கான்கிரீட் தூண்கள், கழிப்பறைக்கு வார்த்த ஒரு தளம், கூரைக்கு 26 தகரத் தகடுகள். கடன் வாங்குபவருக்குக் கிடைக்கும் பொருள்கள் அவ்வளவுதான். சுவரை அவரவர் தங்கள் வசதிக்கு மூங்கிலிலோ சணல் குச்சியிலோ எழுப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரே நாட்டிலிருந்து, ஒரே ஆண்டில், ஒரே மேடைக்கு வந்த இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று நாட்டின் இறையாண்மைக்கு உருவம் கொடுத்தது. மற்றொன்று ஓர் ஏழைப் பெண்ணின் கூரை வெள்ளத்தில் போகாமல் காத்தது. பெண்ணின் என்று தெரிந்தே சொல்கிறேன். அந்தக் கடன் பெரும்பாலும் பெண்களுக்குத் தரப்பட்டது. வீடு எழும் மனை கடன் வாங்கும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொந்தமாக மனை இல்லாத பெண்களுக்குக் கணவன் மாற்றி எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு தூணோடு ஒரு பத்திரமும் சேர்ந்து வந்தது. வெள்ளம் வந்து சுவரைக் கரைத்தாலும் தூணும் கூரையும் நிற்கும். கணவன் விரட்டினாலும் வீடு அவளிடம் நிற்கும்.

வங்கதேசத்தின் இன்றைய கட்டடக்கலைஞர்கள் செய்துவருவதையெல்லாம் இந்த இரண்டு கட்டடங்களையும் ஒன்றுசேர்க்கும் முயற்சியாகவே நான் பார்க்கிறேன். லூயி கானின் கட்டடத்தில் இருக்கும் ஒளியும் அமைதியும், அந்த நான்கு தூண்களின் சிக்கனமும் ஒரே இடத்தில் அமையுமா? இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

முதலில் அந்த மண்ணைப் பற்றி. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் கொண்டுவந்து கொட்டிய வண்டலில்தான் நாட்டின் பெரும்பகுதி இருக்கிறது. கல் கிடைப்பது அரிது. அதனால் மண்ணைச் சுட்டுச் செங்கல் ஆக்குகிறார்கள். கான்கிரீட்டுக்குக் கருங்கல் ஜல்லி கிடைக்காத இடங்களில் அந்தச் செங்கல்லையே உடைத்து ஜல்லியாகப் போடுகிறார்கள். ஆறுகள் ஆண்டுதோறும் கரையைத் தின்கின்றன. வேறோர் இடத்தில் புதுத் திட்டை எழுப்புகின்றன. அந்தத் திட்டுகளை அங்கே ‘சர்’ என்பார்கள். லட்சக்கணக்கான மக்கள் அவற்றில் வாழ்கிறார்கள். 1988 வெள்ளத்தில் நாட்டின் பாதிக்கு மேல் நீரில் கிடந்தது. கட்டடக்கலை வகுப்பில் மனை என்றால் நான்கு எல்லைக் கற்களுக்குள் இருக்கும் நிலம் என்று சொல்லித்தருகிறோம். அங்கே ஆறு வந்து அந்த எல்லைக் கல்லையே எடுத்துப்போகிறது.

இந்த மண்ணில் நவீனக் கட்டடக்கலையைத் தொடங்கிவைத்தவர் மஸ்ஹருல் இஸ்லாம். 1923-இல் பிறந்து 2012-இல் மறைந்தவர். பொறியியல் படித்து, அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்றுத் திரும்பியவர், 1950-களின் நடுவில் டாக்காவில் கட்டிய கவின்கலைக் கல்லூரி இன்றும் நின்று பாடம் சொல்கிறது. 1943 பஞ்சத்தை வரைந்த ஓவியர் ஜைனுல் ஆபிதீன் தொடங்கிய கல்லூரி அது. மஸ்ஹருல் இஸ்லாம் அங்கிருந்த மரங்களை வெட்டவில்லை. நிலத்தில் இருந்த வட்டமான பள்ளத்தை நிரப்பவில்லை. கீழ்த்தளத்தைத் திறந்தவெளி மண்டபம்போல விட்டார். காற்று தடையின்றி ஊடுருவிப் போகும். சுடுமண் சல்லடைத் திரைகள் வெயிலை வடிகட்டும். ஐரோப்பிய நவீனம் சொன்ன தூண்மேல் நிற்கும் கட்டடம் வங்கத்துக்கு வந்ததும் மழைக்கு ஒதுங்கும் திண்ணையாக மாறிக்கொண்டது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய பாகிஸ்தானின் இரண்டாம் தலைநகர வளாகத்தை டாக்காவில் கட்டும் வாய்ப்பு அவர் கைக்கே வந்தது. நாட்டின் ஆகப் பெரிய வேலை அது. உலகத்தின் தலைசிறந்த ஒருவர் வரட்டும், இளைஞர்கள் உடனிருந்து கற்கட்டும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அப்படி வந்தவர்தான் லூயி கான். தன் துறைக்காகத் தன் பெயரை இப்படி விட்டுக்கொடுத்தவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. அந்த நாட்டின் அடுத்த இரண்டு தலைமுறைக் கட்டடக்கலைஞர்களும் ஏதோ ஒரு வகையில் அவருடைய மாணவர்கள்.

கானின் கட்டடத்தைப் பற்றி நூலகம் நிறைய எழுதியாகிவிட்டது. நான் ஒரே ஒரு விவரத்தை மட்டும் காட்டுகிறேன். அங்கே ஒரு நாளில் ஐந்தடி உயரத்துக்குத்தான் கான்கிரீட் போட முடிந்தது. இயந்திரம் குறைவு, தலைச்சுமையாகவே கலவை ஏறியது. ஐந்தடிக்கு ஒருமுறை, நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் சேரும் இடத்தில் கோடு விழும். வேறு யாராக இருந்தாலும் பூசி மறைத்திருப்பார்கள். கான் அந்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல் பட்டையைப் பதித்தார். இன்று தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்க ஓடும் அந்த வெள்ளைக் கோடுகள்தான் கட்டடத்துக்கு அழகு. ஒவ்வொரு கோடும் ஒரு நாள் கூலி வேலையின் எல்லை. கான் 1974-இல் இறந்தார். நடுவில் ஒரு விடுதலைப் போர் வந்து போனது. கட்டடம் 1982-இல் முடிந்தது. உழைப்பின் வரம்பையே வடிவத்தின் விதியாக்குவது என்ற அந்தப் பாடத்தைத்தான் பிறகு வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வட்டங்களையும் முக்கோணங்களையும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச நேரமில்லை.

இப்போது டாக்காவின் வடக்கே ஃபைதாபாதில் இருக்கும் பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலுக்கு வருவோம். வடிவமைத்தவர் மரீனா தபஸ்ஸும். நிலம் கொடுத்தவர் அவருடைய பாட்டி சூஃபியா காத்தூன். பேத்தியிடம் பள்ளிவாசலைக் கட்டும் பொறுப்பைத் தந்த பாட்டி, அது எழுவதைப் பார்க்க உயிரோடு இல்லை. பேத்தியே நன்கொடை திரட்டி, தானே முன்னின்று 2012-இல் கட்டிமுடித்தார். 2016-இல் ஆகா கான் விருது கிடைத்தது.

மனையின் அமைப்பு தொழுகைத் திசைக்கு 13 பாகை விலகி இருந்தது. கட்டடத்தை மொத்தமாகத் திருப்பினால் தெருவோடு ஒட்டாது. திருப்பாவிட்டால் தொழுகைக்கு ஒட்டாது. அவர் செய்தது இது. வெளியே தெருவுக்கு இசைவாக 75 அடிச் சதுரமாகச் செங்கல் சுவர். அதற்குள் ஒரு வட்டம். வட்டத்துக்குள், தொழுகைத் திசைக்குத் திரும்பிய சதுரக் கூடம். வட்டம் நடுவில் இருப்பதால் உள்ளே இருக்கும் சதுரம் வேண்டிய பக்கம் திரும்பிக்கொள்கிறது. வட்டத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் நான்கு பக்கமும் வானம் பார்த்த முற்றங்கள் கிடைக்கின்றன. அவற்றின் வழியாக வெளிச்சமும் காற்றும் மழைச் சத்தமும் உள்ளே வருகின்றன. கூரையில் இறைத்துவிட்டாற்போல் சிறு வட்டத் துளைகள்; வெயில் ஏற ஏறத் தரையில் ஒளிப்பொட்டுகள் இடம் மாறிக்கொண்டே போகும். தொழுகைச் சுவரில் செங்குத்தாக ஒரு மெல்லிய ஒளிப்பிளவு. மாடம், மினார், குவிமாடம், எதுவும் இல்லை.

குவிமாடம் இல்லாமல் பள்ளிவாசலா என்று கேட்கத்தான் செய்வார்கள். வங்கத்துச் சுல்தான்கள் காலத்துச் செங்கல் பள்ளிவாசல்களை அறிந்தவர் மரீனா. பாகர்ஹாட்டில் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த அறுபது குவிமாடப் பள்ளிவாசலின் தடித்த சுவரும், உள்ளே நிறைந்திருக்கும் தூண்களின் நிழலும் அந்த மரபின் உச்சம். அவர் அந்தக் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, தடித்த செங்கல் சுவருக்குள் ஒளி எப்படி நுழைகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வெளியே இருக்கும் மேடை. வெள்ளத்துக்காக உயர்த்திய அடித்தளம், நாலு பக்கமும் திண்ணையாக நீள்கிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கிழவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். நெரிசலான, வசதி குறைந்த அந்தப் பகுதிக்கு உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அடுத்தது காய்பாந்தா. வடக்கே பிரம்மபுத்திரா நதிப் பகுதி. சர் மக்களிடையே வேலை செய்யும் ஃப்ரெண்ட்ஷிப் என்ற தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பயிற்சி மையம் வேண்டியிருந்தது. கட்டடக்கலைஞர் காஷெஃப் மஹபூப் சௌத்ரி. நிலம் தாழ்வானது, ஆற்றுக் கரை உடைந்தால் மூழ்கும். வழக்கமான தீர்வு, எட்டடிக்கு மண் கொட்டி நிலத்தை உயர்த்தி அதன்மேல் கட்டுவது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கையிலிருந்த பணம் கிட்டத்தட்ட முழுவதும் தரைக்குக் கீழேயே போய்விடும் என்று தெரிந்தது. அப்போது அவர் எடுத்த முடிவு வயலில் வரப்புக் கட்டும் உழவர் எடுக்கும் முடிவுதான். கட்டடத்தை உயர்த்தவில்லை, சுற்றிலும் கரை எழுப்பினார். கரைமேல் ஏறி, படி இறங்கி, உள்ளே போக வேண்டும்.

2011-இல் முடிந்த அந்த மையத்தை வயலிலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது. கூரைகளெல்லாம் புல் வளர்ந்து கரைமட்டத்தோடு ஒன்றிக் கிடக்கின்றன. உள்ளே இறங்கினால் ஏறக்குறைய 3,000 சதுர மீட்டரில் சின்னச் சின்னச் செங்கல் அறைகள், நடுநடுவே முற்றங்கள், நீர்த்தொட்டிகள். அருகிலிருக்கும் மஹாஸ்தான்கட் அகழ்வாய்வில் வெளிப்பட்ட பழைய பௌத்த விகாரைகளின் அடித்தளங்கள்தான் இந்த அமைப்புக்கு மூலம். குழிக்குள் கட்டினால் மழைநீர் தேங்குமே என்று உடனே கேட்பீர்கள். தேங்கும். அதைத் தொட்டிகளில் சேர்த்து, மிஞ்சுவதை வெட்டிவைத்த குளத்துக்கு இறைத்துவிடுகிறார்கள். கழிவுநீர் வெள்ளத்தோடு கலக்காதபடி கழிவுத் தொட்டிகளையும் உறிஞ்சு கிணறுகளையும் பிணைத்திருக்கிறார்கள். அழகான புகைப்படங்களில் இந்தப் பகுதி வருவதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தின் அறிவு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இதே சௌத்ரி தெற்கே சாத்கீரா மாவட்டத்தில், சுந்தரவனத்துக்கு அருகே, 80 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைக் கட்டினார். இறால் பண்ணைகளால் நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊர். கட்டடத்தின் குறுக்கே வளைந்து வளைந்து ஒரு கால்வாய் ஓடுகிறது. உள்நோயாளிப் பகுதியையும் வெளிநோயாளிப் பகுதியையும் பிரிக்கும் வேலி அது. மழைநீரைச் சேர்க்கும் வாய்க்காலும் அதுவே. 2021-க்கான பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் சர்வதேசப் பரிசு அதற்குக் கிடைத்தது.

இதுவரை நான் பாராட்டியதெல்லாம் செங்கல். அதற்கு ஒரு கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது. நாட்டில் ஏழாயிரத்துக்கு மேல் செங்கல் சூளைகள். குளிர்காலத்தில் டாக்காவின் மூச்சைத் திணறடிக்கும் புகையில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. சூளைக்குப் போகும் மண், நெல் விளையும் மேல்மண். ஒரு கட்டடம் எவ்வளவு கவித்துவமாக இருந்தாலும் அதன் சுவர் யாரோ ஒருவருடைய வயலிலிருந்து வந்தது. ஆகவே சுடாத மண்ணில் கட்ட முடியுமா என்ற கேள்வி ரசனை சார்ந்ததாக இருந்த காலம் போய்விட்டது.

அந்தக் கேள்விக்கு ஒரு விடை தினாஜ்பூர் மாவட்டத்து ருத்ரபூரில் கிடைத்தது. அன்னா ஹெரிங்கர் இளம் வயதில் தொண்டராக அந்த ஊரில் தங்கியிருந்தவர். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கட்டடக்கலை படித்தபோது அந்த ஊருக்கான பள்ளிக்கூடத்தையே இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொண்டார். ஐக்கே ரோஸ்வாக் என்ற கட்டடக்கலைஞரும் சேர்ந்துகொண்டார். 2005-இல், தீப்ஷிகா என்ற உள்ளூர் நிறுவனத்தோடு, ஊர் மக்களின் கையால் அந்தப் பள்ளி எழுந்தது.

அந்த ஊரில் மண் வீடு புதிதல்ல. ஆனால் அஸ்திவாரம் இல்லாமல் தரையிலிருந்தே சுவர் வைப்பார்கள். ஈரம் அடியிலிருந்து ஏறும், சில ஆண்டுகளில் சுவரின் கால் கரையும், மறுபடி கட்டுவார்கள். மண் வீடு என்றால் ஏழை வீடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். ருத்ரபூரில் செய்த திருத்தம் சிறியது. அரை மீட்டர் ஆழத்துக்குச் செங்கல் அஸ்திவாரம். அதன்மேல் ஈரம் ஏறாமல் தடுக்க, கடையில் கிடைக்கும் பாலித்தீன் தாள் இரண்டு அடுக்கு. பிறகு வழக்கமான மண். மண்ணும் வைக்கோலும் தண்ணீரும் கொட்டி மாடுகளையும் எருமைகளையும் விட்டு மிதிக்கச் செய்தார்கள். கையால் உருட்டி எடுத்து இரண்டடிக்குச் சற்று மேல் உயரத்தில் ஒரு படை வைத்தார்கள். சில நாள் காய்ந்ததும், பக்கவாட்டில் துருத்தி நிற்கும் வைக்கோலையும் மண்ணையும் கூரான மண்வெட்டியால் செதுக்கிச் சமப்படுத்தினார்கள். மறுபடி ஏறக்குறைய ஒரு வாரம் காயவிட்டு அடுத்த படை. பலகை அடைப்பு எதுவும் இல்லை. மாடியில் மூங்கில், கூரைக்கு அடியில் வண்ணச் சேலைகள். வகுப்பறையின் பின்பக்கம் மண்ணிலேயே குடைந்த சிறு குகைகள், பிள்ளைகள் தனியாகப் போய்ச் சுருண்டு படிக்க.

2007-இல் இதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது. பிறகு அதே ஊரில், மாற்றுத்திறனாளிகளுக்கான சிகிச்சை மையமும் மாடியில் பெண்களின் தையல் கூடமும் கொண்ட ‘ஆனந்தாலய்’ எழுந்தது. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதையே அந்தக் கட்டடத்தைச் சுற்றி வளைந்து ஏறுவதால் அதுவே அதன் முகமாகிவிட்டது. ஆனால் ஊருக்கு ஊர் மண் வீடு மாடி ஏறிவிட்டதா? இல்லை. கையில் கொஞ்சம் காசு வந்தால் கிராமத்தார் தகரமும் செங்கலும்தான் வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆண்டுதோறும் சுவர் பூசிப் பூசிக் களைத்த பெண்ணுக்குத் தகரம் விடுதலை. மண்ணின் பெருமையை அவளுக்குச் சொல்லப் போகிறவர், அந்தப் பூச்சு வேலையைக் குறைக்கும் வழியையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

டாக்காவை அடுத்த கெரானிகஞ்சில் சைஃபுல் ஹக் கட்டிய ஆர்க்கேடியா பள்ளி இன்னொரு திசை. ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு நாள் நீரில் மூழ்கும் ஆற்றோர நிலம். மண் கொட்டி உயர்த்தாமல், பயன்படுத்திக் கழித்த இரும்புப் பீப்பாய்களை அடியில் வைத்து மூங்கில் பள்ளியை மிதக்கவிட்டார். நீர் ஏறினால் பள்ளி ஏறும். இறங்கினால் தரையில் அமரும். மூங்கிலுக்கு நீர் காப்பாக, நம் பக்கம் பனிச்சை என்று சொல்லும் மரத்தின் காயைக் கொதிக்கவைத்த சாற்றைப் பூசினார்கள். படகுக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவது. மூங்கில்களைக் கட்டியது கயிறு.

இவ்வளவும் கேட்டபின், அந்த நாடு இப்படித்தான் கட்டுகிறது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100-க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டிய கட்டடத்தில் தையல் ஆலைகளை ஏற்றி, அனுமதியில்லாமல் மாடி ஏற்றி, கனமான ஜெனரேட்டர்களையும் மேலே வைத்திருந்தார்கள். முந்தைய நாளே தூணில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடை ஆலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

ராணா பிளாசாவை ஒரு கட்டடக்கலை உரையில் ஏன் சொல்கிறேன் என்றால், அதுவும் ஒரு சோதனைதான். கேட்காமல், சொல்லாமல், அடுத்தவர் உயிரை வைத்து நடத்திய சோதனை. ஒரு தூண் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தார்கள். காய்பாந்தாவிலும் ருத்ரபூரிலும் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அழகில் இல்லை. முந்தியவற்றில், தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பது முதல் கோட்டிலேயே சேர்ந்திருந்தது. விருது பெற்ற கட்டடங்களை விரல்விட்டு எண்ணலாம். அனுமதியில்லாமல் ஏறிய மாடிகளை எண்ண முடியாது. இந்த விகிதம் மாறாதவரை எந்த விருதும் அந்த நாட்டுக்குப் போதாது.

இனி இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். 2020-இல் பெருந்தொற்று முடக்கத்தில் வேலைகள் நின்றபோது மரீனா தபஸ்ஸும் ஒரு சின்ன வீட்டை வரைந்தார். பெயர் ‘குதி பாரி’, குட்டி வீடு. மூங்கில் கழிகள், அவற்றை இணைக்கும் இரும்பு முடிச்சுகள், தகரக் கூரை. கீழே வாழும் இடம், மேலே பரண். வெள்ளம் வந்தால் குடும்பமும் தானிய மூட்டையும் பரணில். ஆறு கரையை அரிக்கத் தொடங்கினால், வீட்டைக் கழற்றிப் படகில் ஏற்றி வேறு திட்டில் நிறுத்திக்கொள்ளலாம். செலவு ஏறக்குறைய 450 அமெரிக்க டாலர். சுவர் என்ன பொருளில் வேண்டும் என்பது வீட்டுக்காரர் விருப்பம். 2025-இல் இந்த வீட்டுக்கு ஆகா கான் விருது வழங்கப்பட்டது.

இது வானத்திலிருந்து வந்த யோசனை அல்ல. திட்டு மக்கள் காலங்காலமாக வீட்டைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். முன்ஷிகஞ்ச் பகுதியில் மரச் சட்டமும் தகரமும் கொண்ட மாடி வீடுகளைச் சந்தையில் ஆயத்தமாகவே விற்கிறார்கள். வாங்கியவர் பிரித்து எடுத்துப்போய் ஊரில் பொருத்திக்கொள்வார். மரீனா அந்த மரபைப் படித்தார். அதில் இல்லாதவை என்று அவர் கண்டவை இரண்டு: காற்றைத் தாங்கும் வலு, வெள்ளத்தில் ஏறி நிற்க ஓர் உயரம். வலுவுக்கு இரும்பு முடிச்சு. உயரத்துக்குப் பரண். கட்டடக்கலைஞர் சேர்த்தது அந்த அளவே. மீதி அனைத்தும் அந்த மக்களின் அறிவு. அந்த இரும்பு முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்தால், மூங்கில் நுழையும் சிறு குழாய்கள் பல திசைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு இரும்புதான். எந்தக் கழி எங்கே போக வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. வரைபடம் படிக்கத் தெரியாதவரும் கட்டலாம்.

கிராமீன் வங்கியின் நான்கு தூண்கள் இங்கே திரும்ப வந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தூண்களைப் பெயர்த்தெடுக்க முடியாது. ஆறு நிலத்தை எடுத்துக்கொண்டால் தூணும் போயிற்று. இந்த வீடு போகாது. அந்த இடைவெளியை மூட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. நடுவில் பள்ளிவாசல் கட்டிக் கற்ற ஒளியும் காற்றும்கூட அந்தப் பரணின் உயரத்தில் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

காக்ஸ் பஜார் அகதி முகாம்களையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2017-இல் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். நிலையான பொருளில் எதையும் கட்ட அனுமதி இல்லை. ரிஸ்வி ஹசன் முதலான இளம் கட்டடக்கலைஞர்கள் அந்தத் தடைக்குள்ளேயே, மூங்கிலிலும் ஓலையிலும், முகாம் மக்களோடு களத்தில் நின்று பேசிப் பேசி, பெண்கள் கூடவும் கைவேலை செய்யவும் ஆறு கூடங்களை எழுப்பினார்கள். 2022-இல் அவையும் ஆகா கான் விருது பெற்றன. நிலைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கட்டப்பட்டவற்றைக் கட்டடக்கலை என்று உலகம் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம்.

இவை எல்லாம் தொண்டு நிறுவனப் பணத்தில் எழுந்தவை, வெளிநாட்டு விருதுகளால் பெயர்பெற்றவை, அரசு இவற்றை எடுத்துக்கொள்ளவில்லை என்ற விமர்சனம் உண்டு. பெருமளவு உண்மை. ஒரு நாட்டின் பொதுப்பணித்துறை கற்றுக்கொள்ளாத பாடம் அரைப்பாடம்தான். ஆயினும், இவற்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் குதி பாரியைச் சொல்வேன். பள்ளிவாசல் அதைவிட அழகு; காய்பாந்தா அதைவிட ஆழம். ஆனால் கட்டியவர் ஊருக்குத் திரும்பிய பிறகும், அவர் பெயர் தெரியாத ஒருவர் தன் கையால் மறுபடி கட்டிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

இங்கே இருக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது டாக்காவையும் எண்ணிப் பாருங்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் போங்கள்; வெள்ளம் எதுவரை வந்தது என்பதற்கான தடம் அப்போது சுவரில் ஈரமாக இருக்கும். நாடாளுமன்றத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும். ஃபைதாபாத் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பிற்பகல் முழுக்க உட்காருங்கள். பிறகு வடக்கே ஒரு திட்டுக்குப் படகில் போய், வீட்டைப் பிரித்து மறுபடி கட்டிய ஒரு பெண்ணிடம், எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் உங்களில் ஒருவர் அதைப் பேச வேண்டும்.